டிசம்பர் 25-க்கு அப்புறமும் பசிக்கும்



கிறிஸ்துமஸ் அன்று சாந்தோம், லஸ் மாதா கோயில் பக்கம் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்க ஆள் நிறைய. ஒரே கைக்கு மூன்று வந்தால் இரண்டு ஊசித்தான் போகும். ஜனவரி 10-ஆம் தேதி அதே கை காலியாக இருக்கும். கொடுப்பதில் குறையில்லை, ஒரே நாளில் கொட்டுவதுதான் குறை.

வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பண்டிகை பார்த்து எரிகிற அடுப்பல்ல அது. 2013-இல் மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகத்திலும் ஒரு ரூபாய் இட்லி தினமும் உண்டு. பெசன்ட் நகரில் 2017-இல் வைத்த பொது ஃபிரிட்ஜும் அப்படித்தான்: இருப்பவர் வைக்கலாம், வேண்டியவர் யாரையும் கேட்காமல் எடுக்கலாம்.

“பண்டிகைக்கு நல்ல சாப்பாடு வேண்டாமா, சார்?” என்பீர்கள். வேண்டும். கேக்கும் கொடுங்கள். ஆனால் 1,200 ரூபாய் ஒதுக்கியிருந்தால் மாதம் 100 ரூபாயாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பக்கத்து முதியோர் இல்லத்துக்குப் போன் செய்து என்ன தேவை என்று முதலில் கேளுங்கள். அரிசி, பருப்பு என்றால் கெடவும் கெடாது.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறில் இருப்பவர்கள் நாலு பேராகச் சேருங்கள். ஆளுக்கு மூன்று மாதம். வருஷக் கணக்கு நேராகிவிடும்.