பிழையில்லாத கிதாரா, பிழை திருத்தக்கூடிய கிதாரா?

ஈட்டிப் பலகையை 2 மில்லிமீட்டர் தடிமனுக்கு இழைத்து, நனைத்து, சூடேறிய இரும்புக் குழாயின் மேல் வைத்து மெல்ல அழுத்தினால், ஒரு கட்டத்தில் மரம் இளகிக்கொடுக்கும். கிதாரின் இடுப்பு வளைவு உருவாவது அப்படித்தான். கை சற்று அவசரப்பட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். வளைவின் வெளிப்பக்கத்தில் நார் பிளந்துவிடும். கையால் கிதார் கட்டுபவர்களில் இந்தச் சத்தத்தைக் கேட்காதவர் யாரும் இருக்க முடியாது.

பிளவு சிறியதென்றால் அதற்குள் நீர்த்த பசையை ஓடவிட்டு, உட்புறம் மெல்லிய மரத்துண்டு ஒன்றை ஒட்டி, மீண்டும் வளைக்கலாம். பளபளப்புப் பூச்சு ஏறியபின் வாங்குபவர் கண்ணுக்கு அது தெரியாது. ஒலியிலும் வேறுபாடு இராது. ஆனாலும் பல பட்டறைகளில் அந்தப் பலகை குப்பைக்குப் போகிறது. கைவேலைக்குப் பெரிய விலை கொடுப்பவர், துளி வடுவும் இல்லாத பண்டத்தை எதிர்பார்க்கிறார் என்பதே காரணம். இந்த எதிர்பார்ப்பு தவறானது. கையால் கட்டிய கிதாரில் பார்க்க வேண்டியது, நேர்ந்த பிழை எப்படித் திருத்தப்பட்டிருக்கிறது என்பதையும், நாளை நேரப்போவதைத் திருத்த வழி விடப்பட்டிருக்கிறதா என்பதையும்தான்.

கிதாரின் எல்லாப் பாகங்களும் ஒலிக்கு ஒரே அளவில் பொறுப்பல்ல. ஸ்பெயினின் அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோரெஸ் 1862-இல் இதைச் செய்தே காட்டினார். முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து, மேல்பலகையை மட்டும் நல்ல மரத்தில் அமைத்து ஒரு கிதார் கட்டினார். ஒலிக்கு உயிர் மேல்பலகைதான் என்பது அவர் வாதம். அந்த வாத்தியம் இன்று பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்றைய கிளாசிக்கல் கிதாருக்கு வடிவம் தந்த மனிதரே அட்டையை நம்பியிருக்கிறார். பக்கப்பலகையில் ஒட்டிச் சரிசெய்த ஒரு கீற்றுக்காக முழு வாத்தியத்தை ஒதுக்குவது என்ன நியாயம்?

மேல்பலகை அப்படியல்ல. ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் தடிமனே உள்ள ஸ்புரூஸ் பலகை அது. உலோகத் தந்திகள் பூட்டிய கிதாரில் 70 கிலோவுக்கும் மேற்பட்ட இழுவிசையை அது தாங்குகிறது. அதற்கு உட்புறம் ஒட்டிய சட்டங்களைச் செதுக்கும்போது உளி ஓர் இழை அதிகம் இறங்கினால் பலகை தொய்யும். அதற்குப் பயந்து கனமாகவே விட்டுவிட்டால் ஒலி எழும்பாது. இரண்டுமே பிழைதான். ஆனால் பின்னதைத் திருத்துவது எளிது. ஒலித்துளை வழியாகக் கைவிட்டு, இன்னும் கொஞ்சம் சுரண்டிக்கொள்ளலாம். எடுத்த மரத்தைத் திரும்ப வைப்பதுதான் கடினம். ஆகவே தேர்ந்தவர்கள் கொஞ்சம் கனம் மிச்சம் வைத்தே பெட்டியை மூடுகிறார்கள்.

பழகாதவர் பதறிப்போகும் சில காயங்கள் உண்மையில் அற்பமானவை. இடுக்கி கைதவறி விழுந்து ஸ்புரூஸ் பலகையில் பள்ளம் விழுந்தால், நார் அறுபடாதவரை கவலையில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரத்துணி வைத்து, சூட்டுக்கோலால் தொட்டால் அமுங்கிய நார் ஊறி மேலெழும். விரல்பலகையில் ஃபிரெட் எனும் உலோகக் கம்பிக்கான பள்ளத்தை இடம் தவறி அறுத்துவிட்டால், அதே மரத்தின் சீவலை வைத்து ஒட்டி, காய்ந்தபின் சரியான இடத்தில் அறுக்கலாம்.

ஆனால் அந்தப் பிழையைத் திருத்தாமல் விட்டுவிடக் கூடாது. 650 மில்லிமீட்டர் தந்தி நீளமுள்ள கிதாரில் முதல் ஃபிரெட், கழுத்தின் தலைப்பக்கத்துக் கட்டையிலிருந்து சுமார் 36.5 மில்லிமீட்டர் தள்ளி அமைய வேண்டும்; ஒவ்வொரு ஃபிரெட்டுக்கும் மிச்சமிருக்கும் நீளத்தை 17.817-ஆல் வகுத்து அடுத்த இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். தந்தியை அழுத்தும்போது அது இழுபட்டுச் சுருதி ஏறுவதால், மறுமுனையில் தந்தி அமரும் எலும்புத் துண்டைக் கணக்கிட்ட இடத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் பின்தள்ளி வைக்க வேண்டும். தடித்த தந்திக்கு இன்னும் சற்றுக் கூடுதலாக. இங்கே நேர்ந்த பிழை கண்ணுக்குத் தெரியாது. வாசிக்கும்போதெல்லாம் காதில் உறுத்தும். மேற்பரப்பு கண்ணாடிபோல் மின்னினாலும் சுருதி சேராத கிதாரை மன்னிக்கவே கூடாது.

இன்னொரு பிழை, செய்யும்போது தெரிவதே இல்லை. ஈரக்காற்றில் ஊறியிருந்த பலகைகளை அப்படியே ஒட்டிவிட்டால், பின்னாளில் வறண்ட அறைக்குப் போகும்போது மேல்பலகை சுருங்கப் பார்க்கும். குறுக்கே ஒட்டிய சட்டங்கள் விடமாட்டா. பலகை வெடிக்கும். பட்டறையின் ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான். வெடித்துவிட்டால் முதலில் வாத்தியத்துக்கு மெல்ல ஈரமூட்டி விரிசலைத் தானாக மூடவிட வேண்டும். பிறகு பசை. அதன்பின் உட்புறத்தில், நார் குறுக்காக ஓடும்படி சிறு ஸ்புரூஸ் துண்டுகள். இப்படி ஒட்டுப்போட்ட பழைய கிதார்கள் பல பதிற்றாண்டுகளாக மேடையில் ஒலிக்கின்றன.

அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் 'டிரிகர்' இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. 1969-இல் அவர் வாங்கிய மார்ட்டின் என்-20 கிதார் அது. வாசித்து வாசித்தே ஒலித்துளையின் அருகே இன்னொரு ஓட்டை விழுந்துவிட்டது. டெக்சஸின் ஆஸ்டின் நகரில் மார்க் எர்லவைன் அதைப் பல்லாண்டுகளாகப் பழுதுபார்த்து வந்திருக்கிறார்.

அப்படிப் பழுதுபார்க்க முடிவதற்குப் பசையும் பொருத்தும் இடம்கொடுக்க வேண்டும். பழைய தச்சர்களின் வஜ்ஜிரப் பசை சூட்டிலும் ஈரத்திலும் இளகும். ஒட்டியதைச் சேதமில்லாமல் பிரிக்கலாம். எபாக்ஸி அவ்வளவு எளிதில் விடாது. தந்திகளின் இழுவையால் ஆண்டுகள் செல்லச் செல்லக் கழுத்து முன்சாய்வது உலோகத் தந்திக் கிதாரின் இயல்பு. பழைய முறையில் கட்டியதென்றால் பொருத்துக்குள் நீராவி செலுத்திக் கழுத்தைக் கழற்றிச் சீர்செய்வார்கள். டெய்லர் கிதார் நிறுவனம் 1999-இல் கொண்டுவந்த கழுத்தோ போல்ட்டில் நிற்பது; துல்லியமாக அறுத்த மெல்லிய தகடுகளை மாற்றியே கோணத்தைத் திருத்தலாம். மரபுக்காரர்கள் போல்ட்டைக் கண்டு முகம் சுளித்தார்கள். ஆனால் திருத்தத்தை முன்கூட்டியே எண்ணிக் கட்டுவது கைவேலைக்கு இழுக்காகாது.

குறையற்ற தோற்றத்தின் மீதான மோகத்துக்குக் காடு கொடுக்கும் விலையும் உண்டு. விரல்பலகைக்கு அட்டக்கருப்பான கருங்காலிதான் வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். வெட்டிய பிறகுதான் உள்ளே வரியோடியிருக்கிறதா என்பது தெரியும் என்பதால், கேமரூனில் வரியோடிய மரங்கள் காட்டிலேயே கைவிடப்பட்டன. பத்தில் ஒன்றே முழுக் கருப்பாக இருந்தது என்று டெய்லர் நிறுவனத்தின் பாப் டெய்லர் சொன்னார். அவருடைய நிறுவனம் 2011-இல் அங்கே ஒரு மர ஆலையைக் கூட்டாக வாங்கியபின், வரியோடிய கருங்காலியையும் கிதாருக்குப் பயன்படுத்தத் தொடங்கியது. ஒலியில் அதற்கு எந்தக் குறையும் இல்லை.

ஈட்டியின் கதை தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1960-களின் இறுதியில் பிரேசில், அதுவரை பயன்பட்ட தன் ஈட்டி வகை மரக்கட்டைகளின் ஏற்றுமதியை இறுக்கியபின், உலகக் கிதார்களின் முதுகிலும் பக்கங்களிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டிதான் அதிகம் ஏறியது. அந்த மரத்தைக் காக்கத் தமிழ்நாடு 1994-இல் தனிச் சட்டமே இயற்றியது. 2017-இல் ஈட்டிப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. முற்றுப்பெற்ற இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு கிடைத்தாலும், மரத்துக்குக் கட்டுப்பாடு தொடர்ந்தது. முற்றி வளரப் பல பதிற்றாண்டுகள் கேட்கும் இந்த மரத்தின் பலகையை, உட்பக்கம் ஒட்டிச் சரிசெய்யக்கூடிய ஒரு கீறலுக்காக வீசுவது அநியாயம்.

வாங்குபவர் மட்டும் மாறினால் போதாது. செய்பவரும் வாய் திறக்க வேண்டும். வாத்தியக் கைவினைஞர்கள் நுட்பங்களை வீட்டுக்குள்ளும் சீடர்களுக்குள்ளும் பூட்டிவைத்த காலம் உண்டு. 1972-இல் தொடங்கிய, தந்தி வாத்தியம் கட்டுபவர்களின் சங்கமான அமெரிக்க லூதியர் கில்ட் அந்தப் பூட்டை உடைத்தது. அறிந்ததைத் தயங்காமல் பகிர்வது அதன் கொள்கை. தனியாக உட்கார்ந்து கட்டுபவர்களின் வேலை அரை நூற்றாண்டில் இவ்வளவு உயர்ந்ததில் அந்தத் திறந்த மனதுக்குப் பெரும் பங்கு உண்டு.

அதே திறந்த மனது ஒவ்வொரு கிதாருடனும் போக வேண்டும். விற்கும்போது ஒரு தாள் எழுதிக் கொடுப்பது கடினமான காரியமில்லை. எந்தப் பொருத்தில் எந்தப் பசை, எவ்வளவு ஈரப்பதத்தில் கட்டியது, எங்கே விரிசல் விட்டு எப்படி ஒட்டப்பட்டது, கழுத்தைக் கழற்றும் வழி என்ன என்று அதில் இருந்தால் போதும். வாங்குபவர் அதைக் கேட்டு வாங்க வேண்டும். திருத்தம் எழுதியிருக்கிறதே என்று விலையைக் குறைக்கவும் கூடாது. இருபது ஆண்டு கழித்து அந்தக் கிதார் வேறொரு பட்டறைக்குப் போகும்போது, எந்தப் பொருத்துக்கு நீராவி, எதற்கு உளி என்று அங்கிருப்பவர் ஊகிக்க வேண்டியிராது.