நாமினி வேறு, வாரிசு வேறு

வங்கியில் வைப்புத்தொகை போடப் போனால் படிவத்தில் நாமினி பெயர் கேட்பார்கள். காப்பீட்டு முகவர் கேட்பார், பி.எஃப். படிவம் கேட்கும், மியூச்சுவல் ஃபண்டும் கேட்கும். ஒரு பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டதும் மனதுக்குள் ஒரு நிம்மதி. "அதான் நாமினி போட்டாச்சே, உயில் எதுக்கு?" என்ற பேச்சு அந்த நிம்மதியிலிருந்து பிறப்பதுதான். படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள், ஏன், வங்கியிலேயே வேலை பார்ப்பவர்கள்கூட இதை உறுதியாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இந்த நம்பிக்கை தவறு. கணவன், மனைவி, பிள்ளைகள் என்று சிக்கலில்லாத குடும்பத்தில் இந்தத் தவறுக்கு விலை சில மாத அலைச்சலோடு போய்விடும். மணமுறிவு நடந்த வீட்டில், மறுமணம் நடந்த வீட்டில், குடும்பநல நீதிமன்றத்தில் வழக்கு இழுத்துக்கொண்டிருக்கும் வீட்டில் அப்படியல்ல. அங்கே விலை கொடுப்பது பெரும்பாலும் குழந்தைதான். இந்து வாரிசுரிமைச் சட்டத்தை அடிப்படையாக வைத்தே இங்கே பேசுகிறேன். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பங்குக் கணக்கு வேறு. ஆனால் நாமினி பற்றிய தவறான எண்ணம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

முதலில் அடிப்படை வாதம்: நாமினி யாரோ அவருக்கே பணம் சொந்தம். உச்ச நீதிமன்றம் 1984லேயே இதை மறுத்துவிட்டது. ஆயுள் காப்பீடு எடுத்திருந்த ஒருவர் உயில் எழுதாமல் இறந்துபோனார். நாமினி அவருடைய மனைவி. இறந்தவரின் தாயும் மகனும் தங்களுக்கும் பங்கு உண்டு என்று வழக்குப் போட்டார்கள். காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை மட்டுமே நாமினிக்கு உண்டு, பெற்ற பணம் வாரிசுகளுக்குரியது என்று தீர்ப்பு வந்தது. 2000இல் தேசிய சேமிப்புப் பத்திரத்துக்கும், 2009இல் வருங்கால வைப்பு நிதிக்கும், 2010இல் வங்கிக் கணக்குக்கும் இதே நிலைப்பாடுதான். நிறுவனப் பங்குகளில் மட்டும் சட்டச் சொற்களைப் பிடித்துக்கொண்டு நாமினியே உரிமையாளர் என்று வாதாடிப் பார்த்தார்கள். 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை.

அப்படியானால் நாமினி எதற்கு? வங்கி யாரிடம் கொடுத்தால் அதன் பொறுப்பு தீருமோ, அந்த ஆளைக் காட்டுவதற்கு. அது சின்னப் பயன் இல்லை. நாமினி இல்லாவிட்டால் பெரிய தொகைக்கு நீதிமன்றத்தில் இறங்குரிமைச் சான்று வாங்கி வரச் சொல்வார்கள், மாதக்கணக்கில் அலைய வேண்டும். எனவே நாமினி கட்டாயம் போடுங்கள். 2025 நவம்பர் முதல் வங்கி வைப்புக்கு நான்கு பேர் வரைகூடப் போடலாம். ஆனால் நான்கு பேர் போட்டாலும் அது உயில் ஆகிவிடாது. இன்னொன்று: பெரும்பாலான குடும்பங்களின் முக்கியச் சொத்து வீடும் நிலமும்தான். பத்திரத்திலோ பட்டாவிலோ நாமினி எழுத இடமே கிடையாது.

இதற்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி வரும். "காப்பீட்டில் சட்டம் மாறிவிட்டதே?" மாறியது உண்மை. 2015இல் வந்த திருத்தப்படி பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருந்தால் பணத்தின் பலனே அவர்களுக்குச் சேரும். ஆனால் இந்தத் திருத்தம் வாரிசுரிமைச் சட்டத்தை மீறி நிற்குமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி தீர்ப்புச் சொல்லவில்லை. அதோடு, அது காப்பீட்டுக்கு மட்டுமே. வங்கிக்கோ பங்குகளுக்கோ பொருந்தாது. மணமாகும்போது மனைவி பெயரை எழுதி, விவாகரத்துக்குப் பிறகு மாற்றாமல் விட்டவரின் பாலிசியில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பெயருக்குரியவர் இப்போது மனைவி இல்லை. ஆனால் தாளில் அவர் பெயர்தான் இருக்கிறது. வழக்குக்கு வேறு என்ன வேண்டும்?

அடுத்த வாதத்தைத்தான் நான் மிக ஆபத்தானதாக நினைக்கிறேன்: "நாங்க பிரிஞ்சு பல வருஷம் ஆச்சு. எனக்கும் அவருக்கும் ஒண்ணும் இல்லை." மனசுக்கு அது சரி. சட்டத்துக்குச் சரியில்லை. விவாகரத்துத் தீர்ப்பு வரும்வரை கணவன் கணவன்தான், மனைவி மனைவிதான். தனித்தனி ஊரில் இருந்தாலும், ஒருவர்மேல் ஒருவர் புகார் கொடுத்திருந்தாலும், நீதிமன்றமே பிரிந்து வாழ அனுமதித்துத் தீர்ப்புத் தந்திருந்தாலும் வாரிசுரிமை அறுவதில்லை. எதிர்த்து நடத்தப்படும் விவாகரத்து வழக்குகள் வருடக்கணக்கில் போவது எல்லாருக்கும் தெரியும். அந்த இடைக்காலத்தில் கணவன் இறந்தால் மனைவி முதல் வகுப்பு வாரிசு, அதாவது முதலில் பங்கு பெறுவோரில் ஒருவர். மனைவி இறந்தால் அவள் சம்பாதித்த சொத்தில் பிள்ளைகளோடு கணவனும் சமபங்கு பெறுவான். அடித்துத் துரத்தியவனாக இருந்தாலும் பெறுவான். நாமினியாக அம்மாவின் பெயரைப் போட்டுவைத்திருந்தாலும் அந்தப் பங்கை அவன் கேட்க முடியும். இதைத் தடுக்க அந்தப் பெண்ணின் கையில் இருக்கும் வழி உயில் ஒன்றே. விவாகரத்து மனு தாக்கல் செய்யும் வாரத்திலேயே உயிலும் எழுதிவிடுங்கள் என்று ஒவ்வொரு வழக்கறிஞரும் கட்சிக்காரரிடம் சொல்ல வேண்டும். பலர் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

தீர்ப்பு வந்த பிறகு என்ன? வாரிசுரிமை போய்விடும், சரி. ஆனால் தாள்கள் தாமாக மாறாது. முன்பு எழுதிய உயிலில் முன்னாள் மனைவிக்கு வீடு என்றிருந்தால், விவாகரத்து அந்த உயிலை ரத்து செய்யாது. எழுதியவரே புது உயில் எழுதினால்தான் உண்டு. இருவர் பெயரிலும் வாங்கிய வீடு, தீர்ப்புக்குப் பிறகும் இருவர் பெயரில்தான் நிற்கும். விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யாமல் யாருடைய பங்கும் கைமாறாது. வீட்டுக் கடனும் அப்படியே. இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் வங்கி இருவரையும்தான் கேட்கும். குடும்பநல நீதிமன்றத்தில் பரஸ்பர சம்மத மனு போடும்போது ஜீவனாம்சத் தொகையையும் குழந்தையைப் பார்க்கும் நாட்களையும் வரிவரியாக எழுதுகிறார்கள். எந்தப் பாலிசியில், எந்தக் கணக்கில் நாமினியை எந்தத் தேதிக்குள் மாற்றுவது, வீட்டுக்கு விடுதலைப் பத்திரம் யார் செலவில் பதிவது என்பதையும் அதே மனுவில் எழுதிவிட்டால் பின்னால் வரும் வழக்குகள் வராமலே போகும்.

பி.எஃப். பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்து அம்மா பெயரைப் போட்டவர்கள் ஏராளம். குடும்பம் இல்லாதபோது கொடுத்த நியமனம் திருமணம் ஆனதும் செல்லாததாகிவிடும் என்று வருங்கால வைப்பு நிதித் திட்டமே சொல்கிறது. பணிக்கொடைக்கும் இதே விதி. புதிதாக எழுதிக் கொடுக்காதவர்களுக்கு, போட்டதாக நினைத்த நாமினியே இல்லை.

"குழந்தை அவளோட போயிடுச்சு. எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை, என் சொத்து என் இரண்டாவது குடும்பத்துக்கு." இது ஆண்கள் அதிகம் சொல்லும் வாதம். குழந்தை யாரிடம் வளர்கிறது என்பது வேறு, குழந்தை யாருடைய வாரிசு என்பது வேறு. தாயிடம் வளரும் மகள், தந்தையை வருடக்கணக்கில் பார்க்காத மகள், அவர் உயில் எழுதாமல் இறந்தால் முதல் வகுப்பு வாரிசுதான். இரண்டாம் மனைவி, அவளுடைய பிள்ளைகள், தந்தையின் தாய் இவர்களோடு அவளுக்கும் சமபங்கு உண்டு. வங்கிக் கணக்கிலும் பங்குகளிலும் இரண்டாம் மனைவியை நாமினியாகப் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

முதல் திருமணத்தைச் சட்டப்படி முடிக்காமலே இன்னொரு பெண்ணோடு குடும்பம் நடத்துபவர்களின் நிலை இன்னும் சிக்கல். அந்த இரண்டாம் திருமணம் செல்லாது. ஆனால் அதில் பிறந்த பிள்ளைகளுக்குப் பெற்றோரின் சொத்தில் உரிமை உண்டு. 2023இல் உச்ச நீதிமன்றம் ஒருபடி மேலே போய், கூட்டுக்குடும்பச் சொத்தில் தந்தைக்குச் சேரும் பங்கிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று சொன்னது. தாய்க்குத்தான் எதுவும் இல்லை. அவரோடு இருபது வருஷம் வாழ்ந்திருந்தாலும் அவள் வாரிசு ஆக மாட்டாள். அவளுக்கு ஏதாவது சேர வேண்டும் என்று அந்த மனிதர் உண்மையிலேயே விரும்பினால், நாமினிப் படிவத்தை நம்பி விட்டுவிடுவது அவளுக்குச் செய்யும் துரோகம்.

இனி குழந்தை நாமினியாக இருக்கும் வீடுகள். "பாப்பா பேர்ல போட்டுட்டேன், அவளுக்குப் பத்திரமா போயிடும்." பாப்பாவுக்கு ஏழு வயது என்றால் பணத்தை யார் வாங்குவார், யார் செலவு செய்வார்? இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் தந்தையை இயற்கைக் காப்பாளர் என்கிறது, அவருக்குப் பின் தாய். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகனுக்காக ரிசர்வ் வங்கிப் பத்திரங்கள் வாங்க முயன்றபோது தந்தையின் கையெழுத்தைக் கேட்டார்கள். அவர் தொடுத்த வழக்கில் 1999இல் வந்த தீர்ப்பு, தந்தை உயிரோடு இருந்தும் குழந்தையின் பொறுப்பில் இல்லாதபோது தாயே காப்பாளராக இருக்கலாம் என்று வழிவிட்டது.

ஆனால் குழந்தையைத் தனியாக வளர்க்கும் தாய் இறந்துபோனால்? உயிரோடிருக்கும் தந்தை முன்வந்து நிற்பார். குழந்தையின் நலனே முதன்மை என்பதால் நீதிமன்றம் பாட்டியிடமோ சித்தியிடமோ ஒப்படைக்கலாம். அதற்கும் யாராவது மனுப் போட்டுப் போராட வேண்டும். தந்தையின் பக்கத்திலும் இதே கவலை உண்டு. அவர் உயிலில் தன் தம்பியைக் காப்பாளர் என்று எழுதினாலும், தாய் உயிரோடிருக்கும்வரை அந்த நியமனம் நடைமுறைக்கு வராது.

இங்கேதான் உயிலின் பலம் தெரியும். குழந்தையை யார் வளர்ப்பது என்பதை உயில் முடிவு செய்துவிட முடியாது. குழந்தையின் பணத்தை யார் நிர்வகிப்பது என்பதை முடிவு செய்யலாம். நம்பிக்கையான ஒருவரை அறங்காவலராக வைத்து, பதினெட்டு வயதுவரை படிப்புக்கும் மருத்துவத்துக்கும் மட்டும் செலவிடலாம், கணக்கு வைக்க வேண்டும் என்று எழுதலாம். அவருக்கு மாற்றாக இன்னொருவர் பெயரையும் சேர்க்கலாம். நாமினிப் படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. உயிலைத் தவிர இன்னொரு பாதுகாப்பும் உண்டு: மணமான ஆண் காப்பீடு எடுக்கும்போது, மணமான பெண்களின் சொத்துச் சட்டம், 1874இன் கீழ் மனைவி, பிள்ளைகளுக்காக எடுத்தால் அந்தப் பாலிசி அறக்கட்டளைச் சொத்தாகிவிடும். கடன்காரர்கள் அதைத் தொட முடியாது.

பெண்களின் சொத்தைப் பற்றி யாரும் வாதமே செய்வதில்லை. அவளுக்கு என்ன சொத்து என்று விட்டுவிடுகிறார்கள். 2009இல் உச்ச நீதிமன்றம் முடித்த ஒரு வழக்கு இது. சின்ன வயதில் மணமாகி, சில மாதங்களில் கணவனை இழந்து, புகுந்த வீட்டாரால் வெளியேற்றப்பட்ட பெண் ஒருவர். பிறந்த வீடு படிக்க வைத்தது. வேலைக்குப் போனார், சேமித்தார், உயில் எழுதாமல் இறந்தார். அவரை ஆளாக்கிய தாய் உரிமை கேட்டு வந்தார். கணவனும் பிள்ளையும் இல்லாத பெண் சுயமாகச் சம்பாதித்த சொத்து, அவளுடைய பெற்றோருக்கு முன் கணவனின் வாரிசுகளுக்குத்தான் போகும் என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு சொல்கிறது. சேமிப்பு முழுவதும் துரத்திய வீட்டுக்கே போனது. அந்தப் பிரிவு இன்றும் அப்படியேதான் இருக்கிறது. சம்பாதிக்கும் ஒவ்வொரு பெண்ணும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கடைசி வாதம், உயில் பணக்காரர்களுக்கு, செலவு அதிகம், எழுதினால் ஆயுசு குறையும் என்பது. ஆயுசு பற்றிய பயத்தைச் சட்டத்தால் தீர்க்க முடியாது. செலவு பற்றிச் சொல்லலாம். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் பின்னால் கையெழுத்தை மறுப்பவர்கள் வருவார்கள் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது. எழுதியவர் கையெழுத்திட, இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்துத் தாங்களும் கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் உங்களைவிட வயதில் குறைந்தவர்களாகவும் சொத்தில் பங்கு பெறாதவர்களாகவும் இருக்கட்டும். வயதானவர் எழுதினால் அவருக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரே ஒரு சாட்சியாக இருப்பது உதவும். முஸ்லிம்கள் பொதுவாகச் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே உயில் எழுத முடியும். கிறிஸ்தவர்கள் மறுமணம் செய்தால் முந்தைய உயில் தானாக ரத்தாகிவிடும், புதிதாக எழுத வேண்டும். எழுதிய உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும். அதனால் தேதியைத் தெளிவாகப் போடுங்கள், அசல் எங்கே இருக்கிறது என்பதை நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள்.