பொட்டலம் கட்ட முடியாத ருசி

விளைகிற ஊர் வேறு, சாப்பிடத் தேடிப் போகிற ஊர் வேறு. சேலமும் நாமக்கல்லும் சேர்ந்த சமவெளியில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஜவ்வரிசி, முட்டை, மாம்பழம் மூன்றும் இங்கிருந்து லாரி லாரியாக வெளியூர் போகின்றன. ஆனால் சாப்பிடுவதற்கென்றே மதுரைக்குக் கிளம்புகிறவர்களைப்போல சேலத்துக்குக் கிளம்புகிறவர்கள் குறைவு. பெங்களூரிலிருந்து தெற்கே போகும் கார்கள் பைபாஸில் ஏறி, ஊரைத் தொடாமலே கரூர் பக்கம் போய்விடுகின்றன.

முதலில் ஜவ்வரிசி. மலேயாப் பக்கத்துத் தீவுகளில் ஒருவகைப் பனையின் சோற்றிலிருந்து எடுப்பதுதான் அசல் சேகோ. சேலத்து ஜவ்வரிசி கிழங்கிலிருந்து வருகிறது. பாடப்புத்தகத்தில் அது மரவள்ளி. காட்டுக்காரர் வாயில் குச்சிக்கிழங்கு. தென் அமெரிக்காவில் பிறந்த பயிர் இது. போர்ச்சுகீசியர் வழியாக மேற்குக் கடற்கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதை ஏழைகளின் சாப்பாடாகப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியக் கப்பல்கள் நின்றபோது ஜவ்வரிசி வரத்தும் நின்றது. அந்தச் சமயத்தில், 1943 வாக்கில், சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும் பினாங்கில் இந்தத் தொழிலைத் தெரிந்துகொண்டு வந்த போபட்லால் ஷாவும் இங்கேயே கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினர். உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981இல் வந்தது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

செய்முறையில் ரகசியம் எதுவும் இல்லை, உழைப்பு உண்டு. கிழங்கைத் தோல் நீக்கிக் கழுவி அரைத்து, பிழிந்த பாலைத் தொட்டியில் தெளியவிட்டால் அடியில் மாவு கட்டியாகப் படியும். ஈரம் போகாத அந்த மாவை உதிர்த்துத் துணித்தூளியில் போட்டுக் குலுக்கக் குலுக்க மணிமணியாக உருண்டுவரும். இப்போது குலுக்கும் வேலையை எந்திரம் பார்த்துக்கொள்கிறது. பிறகு சூடான தட்டில் லேசாக எண்ணெய் காட்டி வறுத்து, சிமெண்ட் களத்தில் வெயிலில் பரப்புவார்கள். ஆத்தூர், ராசிபுரம் பக்கம் பஸ்ஸில் போகிறவருக்கு, வெள்ளைக் களம் கண்ணில் படுவதற்கு முன்பே கிழங்குத் தண்ணீரின் புளித்த வாடை ஜன்னல் வழியாக வந்துவிடும்.

இத்தனை பாடுபட்டுச் செய்ததைச் சாப்பிடுவது யார்? மகாராஷ்டிரத்தில் ஏகாதசிக்கும் நவராத்திரிக்கும் அரிசி, கோதுமையைத் தொடாமல் விரதம் இருப்பவர்கள். நிலக்கடலைப் பொடி சேர்த்துக் கிளறும் சாபுதானா கிச்சடி அவர்களுக்கு விரத உணவு. குஜராத்தும் வங்காளமும் நல்ல வாடிக்கை. சேலத்துக்காரர் வீட்டில் ஜவ்வரிசி என்றால் விசேஷ நாளில் பாயாசம், சித்திரை வெயிலில் மாடியில் காயும் வத்தல், வயிறு சரியில்லாதவருக்குக் கஞ்சி. அவ்வளவுதான்.

முட்டையின் கதையும் இதேதான். நாமக்கல் கோழிப்பண்ணைகள் தினமும் கோடிக்கணக்கில் முட்டை தருகின்றன. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு சொல்லும் நாமக்கல் விலையை வைத்துத்தான் கேரளத்துக் கடைக்காரரும் கணக்குப் போடுகிறார். லாரி பாடி கட்டும் ஊரும் இதுவே என்பதால், முட்டையையும் அதை ஏற்றிப்போகும் வண்டியையும் ஒரே ஊர் செய்கிறது. தமிழ்நாட்டுச் சத்துணவில் வாரத்தில் ஐந்து நாள் பிள்ளைகளின் தட்டில் முட்டை விழுவதற்கு இந்தப் பண்ணைகள் முக்கியக் காரணம். ஆனாலும் முட்டை சாப்பிடுவதற்காக நாமக்கல்லுக்கு யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. அமெரிக்காவில் முட்டை உற்பத்தியில் முதலிடம் அயோவா மாநிலத்துக்கு. அங்கேயும் யாரும் ஆம்லெட் தேடிப் போவதாகத் தெரியவில்லை.

மாம்பழத்தில் பெயராவது மிஞ்சியது. சேலத்து மல்கோவா என்றால் சென்னைக் கடையில் தனி மரியாதை. சேலத்தைச் சுற்றியும் மாந்தோப்பு உண்டு என்றாலும், பெரிய தோப்புகள் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம். தர்மபுரி 1965 வரை சேலம் மாவட்டம். தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். மாவட்டத்தைப் பிரித்தவர்கள் பழத்தின் பெயரைப் பிரிக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பேர்போன அமெரிக்க நகரங்களைப் பார்த்தால், அவற்றில் பலவற்றுக்குத் தோட்டமோ பண்ணையோ காரணம் இல்லை. ஃபிலடெல்ஃபியாவின் சீஸ்ஸ்டேக் 1930 வாக்கில் இத்தாலியர் சந்தைப் பக்கம் ஒலிவியேரி சகோதரர்களின் ஹாட்டாக் வண்டியில் பிறந்தது. மெல்லிசாகச் சீவிய மாட்டிறைச்சியை வெங்காயத்தோடு வதக்கி நீளரொட்டியில் வைத்ததுதான் தொடக்கம். சீஸ் பிறகு வந்து சேர்ந்தது. பஃபலோ நகரத்தில் 1964இல் ஆங்கர் பார் என்ற கடையில், சூப்புக்கு மட்டும் ஆகும் என்று ஒதுக்கிய கோழி இறக்கையைப் பொரித்துக் காரச்சாறில் புரட்டிக் கொடுத்தார்கள். இரண்டுமே மலிவான பண்டம், எளிய இடம். வேலை முடித்து வருகிறவனின் பசிக்கும் பையிலிருக்கும் காசுக்கும் பொருந்தியவை. உள்ளூர்க்காரர் தினமும் தின்றதால்தான் வெளியூர்க்காரர் தேடி வந்தார்.

இந்த அளவுகோலில் சேலத்துக்குச் சொந்தமாக ஒன்று இருக்கிறது: தட்டுவடை செட். அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை, குகை என்று தறிச்சத்தம் கேட்ட பேட்டைகள். வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் நிறைந்த செவ்வாய்ப்பேட்டை. சௌராஷ்டிரம், கன்னடம், தெலுங்கு, தமிழ் நான்கும் புழங்கும் தெருக்கள் இவை. நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்தவருக்குச் சாயங்காலம் வயிறு நிறையத் தேவையில்லை, வாய் விழித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஏற்ற பண்டம் இது.

தட்டுவடை உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன வட்டம். அரிசி மாவும் பொட்டுக்கடலை மாவும் பிசைந்து, ஊறிய கடலைப்பருப்பும் கறிவேப்பிலையும் சேர்த்து, துணியில் மெல்லிசாகத் தட்டிப் பொரித்தது. தள்ளுவண்டியில் மூடிபோட்ட டப்பா நிறைய அது இருக்கும். பக்கத்தில் துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக அரிந்த வெங்காயம். மிளகாயும் பூண்டும் அரைத்த சிவப்புச் சட்னி, மல்லி புதினாவில் பச்சைச் சட்னி. “அக்கா, ஒரு செட்டு, காரம் கம்மியா” என்று சொன்னதும் கை தானாக ஓடும். ஒரு வடையில் சட்னி தடவி, துருவல் வைத்து, இன்னொரு வடையால் மூடித் தட்டில் அடுக்கிக்கொண்டே போவார். முழுசாக வாயில் போட வேண்டும். பாதி கடித்தால் மீதி சட்டையில். முதல் செட் நொறுங்கும், நிதானமாகப் பேசிக்கொண்டே தின்றால் கடைசி செட் சட்னியில் ஊறி நமுத்துவிடும். இந்தச் சில நிமிடக் கணக்கால்தான் இதைப் பொட்டலம் கட்டி ஊருக்கு எடுத்துப்போக முடியாது. வண்டி முன்னால் வந்து நின்றே ஆக வேண்டும்.

அதே வண்டியில் நொறுக்கல் என்றும் கேட்கலாம். தட்டுவடையையோ முறுக்கையோ கையால் உடைத்து, வெங்காயமும் சட்னியும் போட்டுக் கலக்கித் தருவது. அவித்த முட்டையை நறுக்கிச் சேர்த்தால் முட்டை நொறுக்கல். நாமக்கல் முட்டைக்கு உள்ளூரில் கிடைத்த மிகச் சுவையான வேலை இதுதான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

காவிரிக்கு இக்கரையில், ஈரோட்டுக்கு நேரெதிரே இருக்கிற பள்ளிபாளையம் வேறு வழியில் பேர் எடுத்தது. அதுவும் தறிகளின் ஊர். கோழியைச் சின்னச் சின்னதாக வெட்டி, சின்ன வெங்காயம், விதை தட்டிய வரமிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ச் சில்லு ஆகியவற்றோடு எண்ணெயிலேயே வதக்கி எடுப்பது பள்ளிபாளையம் சிக்கன். மஞ்சளும் உப்பும் தவிரப் பொடி எதுவும் கிடையாது. சென்னை, பெங்களூர் மெனு அட்டைகளில் அது ஏறிவிட்டது. ஆனால் அங்கே பல கடைகளில் மல்லித்தூளும் தக்காளியும் உள்ளே புகுந்து, பெயர் மட்டுமே பள்ளிபாளையத்துக்குச் சொந்தமாக நிற்கிறது.

நாமக்கல் ஆஞ்சநேயர் கோயில் வடை இன்னொரு ரகம். கூரையில்லாமல் நிற்கும் 18 அடி உயரச் சிலைக்கு அனுமன் ஜெயந்தியன்று 1,00,008 வடை கோத்து மாலை சாத்துகிறார்கள். நாரில் கோக்க வேண்டியிருப்பதால் வடை தட்டையாக, மொறுமொறுப்பாக, மிளகு தூக்கலாக இருக்கும், வெங்காயம் கிடையாது. பிறகு அதுவே பிரசாதம். ஓட்டல் மெதுவடை இந்த வேலைக்கு ஆகாது.

இவை தவிர, 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணைப் பக்கம் பொரித்த அணைமீன், கொல்லிமலை ஏறினால் அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டி முடவாட்டுக்கால் சூப். பாறையில் படரும் அந்தக் கிழங்கு, மேல் ரோமத்தோடு பார்க்க ஆட்டுக்கால் போலவே இருக்கும். மூட்டுவலி போகும் என்பது விற்பவர் சொல். மலைக்குளிருக்கு மிளகுச்சூடு இதம் என்பதை நம்பலாம்.

தட்டுவடை இப்போது பாக்கெட்டிலும் கிடைக்கிறது. சென்னையில் ‘சேலம் தட்டுவடை செட்’ என்று பலகை மாட்டிய கடைகளும் உண்டு. சேலத்து வண்டிகளோ பெரும்பாலும் வெயில் தாழ்ந்த பிறகே தெருவுக்கு வருகின்றன. பீட்ரூட் துருவல் தீர்ந்தால் அன்றைக்கு வியாபாரம் முடிந்தது. பைபாஸிலிருந்து ஊருக்குள் வண்டியைத் திருப்ப நினைப்பவர் அதற்குள் வந்து சேர வேண்டும்.