தொண்டு மலையேற்றமும் சாதிச் சான்றிதழும்

1821இல் லெப்டினன்ட் வார்டு என்ற வெள்ளைக்கார நில அளவையாளர் பழனி மலைமேல் ஏறினார். கொடைக்கானலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக அங்கிருந்துதான் தொடங்குவார்கள். அவர் ஏறிய வழியில் வெள்ளகவி என்ற ஊர் ஏற்கெனவே இருந்தது. பளியர்கள் அதற்கும் பல தலைமுறை முன்பிருந்தே இந்தக் காடுகளில் வாழ்கிறார்கள். ஆனாலும் மலையேறியவர் என்ற பெயர் வார்டுக்குத்தான் போனது.

1845இல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார்கள் மேலே பங்களா கட்டிக்கொண்டார்கள். மோட்டார் சாலை வரும்வரை அவர்களில் பலரும், அவர்கள் மனைவி மக்களும் நாற்காலியிலும் டோலியிலும் உட்கார்ந்து, கூலியாட்களின் தோளில் மலையேறினார்கள். அந்தப் பாதைக்கே 'கூலி காட்' என்று பெயர். தூக்கிச் சுமந்தவர்கள் அந்த மலையை எத்தனை முறை ஏறி இறங்கியிருப்பார்கள்! அவர்களில் ஒருவர் பெயராவது எந்தக் கல்வெட்டிலாவது இருக்கிறதா?

இந்தப் பழங்கதையைச் சொல்லக் காரணம், அண்மையில் என் வாட்சப்பில் வந்து விழுந்த ஓர் அழைப்பு. 'ஆதரவற்ற இளைஞர்களுக்கு அதிகாரமளிக்க மலையேறுவோம்' என்றது. ஏறுகிறவர் தன் நண்பர்களிடம் நன்கொடை திரட்டுவார். ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு அது போகும். உலகம் முழுக்க உள்ள வழக்கம்தான். கிளிமஞ்சாரோவில் ஏறுகிறார்கள், இமயத்தில் ஏறுகிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு பிள்ளை நோட்டுப் புத்தகம் வாங்கினால் எனக்கு ஏன் வலிக்க வேண்டும்? வலிக்கவில்லை. ஆனால் 'அதிகாரம்' என்ற சொல்லை அங்கே பார்த்ததும் நின்றுவிட்டேன். உச்சியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர் ஒருவர். பதாகையில் படமாக இருப்பது பிள்ளைகள். இதில் யாருக்கு அதிகாரம் வந்தது?

மலையேறுவதே வீரம் என்றால், வெள்ளகவிப் பிள்ளைகளுக்கு எத்தனை பதக்கம் கொடுப்பது? சாலைக்காகப் பல பத்தாண்டுகள் மனுப் போட்ட ஊர் அது. நோயாளியையும் கர்ப்பிணியையும் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு நடந்த ஊர். அதே பாதைதான் நகரத்திலிருந்து வருகிறவர்களுக்கு 'டிரெக்கிங்'. ஒரே மலை, ஒரே பாதை. ஒருவருக்குச் சாகசம், இன்னொருவருக்குக் கதியற்ற நிலை.

ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை மலையேறுவது வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. 2014 மே 25 அன்று எவரெஸ்ட் உச்சியில் இரண்டு பேர் நின்றார்கள். நிஜாமாபாத் மாவட்டத்துப் பழங்குடிப் பெண் மலாவத் பூர்ணா, அப்போது 14 வயதுகூட நிறையவில்லை. கம்மம் மாவட்டத்துத் தலித் மாணவர் ஆனந்த் குமார். இருவரும் அரசின் சமூக நல உறைவிடப் பள்ளி மாணவர்கள். பூர்ணாவின் பெற்றோர் விவசாயக் கூலிகள். போங்கிர் பாறைகளில் பயிற்சி, பிறகு டார்ஜிலிங்கில் பயிற்சி, பிறகு திபெத் பக்கமிருந்து ஏற்றம். கையில் கொண்டுபோனது அண்ணல் அம்பேத்கர் படமும், அந்த உறைவிடப் பள்ளிகளுக்கு வித்திட்ட அதிகாரி எஸ்.ஆர்.சங்கரன் படமும். அப்போது அந்தப் பள்ளிகளின் செயலாளராக இருந்தவர் ஆர்.எஸ்.பிரவீன் குமார். 13 வயதுக் குழந்தையை அவ்வளவு ஆபத்தான இடத்துக்கு அனுப்பலாமா என்பதில் எனக்கு இன்றும் தயக்கம் உண்டு. ஆனால் ஒன்றில் தயக்கமில்லை. அவர்களுக்காக வேறு யாரும் ஏறவில்லை, அவர்களே ஏறினார்கள். அதற்கு ஆன பணம் யாருடைய இரக்கமும் அல்ல, அரசுப் பணம், அதாவது அவர்களுக்குரிய பங்கு.

நம் மலைக்குத் திரும்புவோம். 'அநாதை' என்ற வடசொல்லுக்கு நாதன் இல்லாதவர் என்று பொருள். உடையவன் இல்லாதவர்! சுயமரியாதைக்காரர்கள் அதைப் பட்டமாகவே சூட்டிக்கொள்ளலாம். ஆனால் சாதிச் சமூகத்தில் உடையவன் இல்லாவிட்டால் தாளில் நீங்கள் யாரும் இல்லை. இல்லங்களில் வளரும் பிள்ளைகள் பலருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் அங்கே கொண்டுவந்து விட்டது. யாருமே இல்லாத பிள்ளைதான் வருவாய் அலுவலகத்தில் மாட்டிக்கொள்கிறது. சாதிச் சான்றிதழ் வேண்டுமா, தகப்பன் சான்றிதழைக் கொண்டுவா என்பார்கள். இல்லாத தகப்பனின் சான்றிதழுக்கு எங்கே போவது?

தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இதற்கென ஒரு பிரிவு உண்டு. நம்மில் பலருக்கே தெரியாது. 10 வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, கவனிக்க யாருமின்றி, அரசோ அரசின் அங்கீகாரம் பெற்றவர்களோ நடத்தும் பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகளைப் பிற்படுத்தப்பட்டோராகக் கருதலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெற்றோர் 11 வயதில் இறந்தால் அந்தக் கதவு திறக்காது. பளியர் குழந்தை அந்தக் கதவு வழியே போனால் பழங்குடி என்ற உரிமையை வாசலிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். பழங்குடிச் சான்றிதழோ கோட்டாட்சியர் தர வேண்டியது. தாய் தகப்பன் இருக்கிற பழங்குடிகளே அதற்கு ஆண்டுக்கணக்கில் நடக்கிறார்கள்.

அடுத்தது 18 வயது. அன்றோடு இல்லத்தை விட்டு வெளியேற வேண்டும். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பின்தொடர் பராமரிப்பு என்று 21 வயதுவரை கைகொடுக்க வழி சொல்கிறது. ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உண்டு. இப்படியொன்று இருப்பதே வெளியேறும் பிள்ளைக்குத் தெரியுமா? 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் பட்டியலினத்தார், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த நிதியில் பளியர் வீட்டுப் பிள்ளைக்கு மலையேற்றப் பயிற்சிப் பள்ளி ஏன் கூடாது? தன் மலையில், ஊதியம் பெறும் பயிற்றுநராக அந்தப் பிள்ளை ஏன் நிற்கக் கூடாது?

ஆகவே, மலையேறப் போகும் நண்பர்களே, தாராளமாக ஏறுங்கள். இறங்கியதும் காசோலையோடு அந்த இல்லத்துக்குப் போகும்போது பதிவேட்டைக் கேளுங்கள். எத்தனை பிள்ளைகளிடம் சாதிச் சான்றிதழ் இருக்கிறது, அடுத்த ஆண்டு 18 நிறைகிறவர்கள் எத்தனை பேர், அவர்களில் யாருக்கெல்லாம் பராமரிப்பு உதவிக்கு விண்ணப்பம் போட்டாயிற்று என்று கேளுங்கள். விடுபட்டவர்களைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே போக இப்போது சாலை இருக்கிறது.