தாலியைக் காட்டினால் பெஞ்சு

எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் நிற்கிறார். 11-ஆம் நூற்றாண்டுச் சோழர் வெண்கலம். ஓர் உடலில் ஆணும் பெண்ணும். விடுமுறை நாளொன்றில் நானும் என் கணவரும் அதன் முன்னால் வெகுநேரம் நின்றோம். வாசலில் நுழைவுச்சீட்டைப் பார்த்ததோடு சரி, யாரும் எதுவும் கேட்கவில்லை.

அன்று மாலை நகரத்துப் பூங்கா ஒன்றில் உட்கார்ந்தோம். நடந்த களைப்பில் அவர் தோளில் சாய்ந்திருந்தேன். காவலாளி வந்தார். "ரெண்டு பேரும் யாரு? ஃபேமிலி வர்ற இடம்." கேள்வி இருவருக்கும்; பார்வை என் கழுத்துக்கு. சுடிதாருக்குள்ளிருந்து தாலியை எடுத்துக் காட்டினேன். "சாரிம்மா, தெரியாமப் போச்சு" என்றவர் நேராக அடுத்த பெஞ்சுக்குப் போனார். அங்கே இருந்த பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். காட்டுவதற்கு அவளிடம் எதுவும் இல்லை. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வெளியேறினாள். கூட இருந்த பையன் தலைகுனிந்து பின்னால் போனான்.

அவளை விரட்டியதில் எனக்கும் பங்குண்டு. கேட்டது சரி என்று தாலியால் ஒப்புக்கொண்டவள் நான்.

யோசித்துப் பாருங்கள். 1967-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தச் சட்டம் சுயமரியாதைத் திருமணத்தை ஏற்றது. மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். ஏதாவது ஒன்று போதும். கல்யாணத்துக்கே கட்டாயமில்லாத தாலி, பெஞ்சில் உட்காரக் கட்டாயமானது எப்படி? கல்யாணமே ஆகாதவர்கள்தான் என்றாலும் என்ன? வயதுவந்த இருவர் பூங்காவில் பேசிக்கொண்டிருப்பதை எந்தச் சட்டம் தடுக்கிறது?

"பெண் பிள்ளைகளோட பாதுகாப்புக்குத்தானே" என்பார்கள். பாதுகாப்பு வேண்டுமானால் விளக்குப் போடுங்கள், பூட்டிக் கிடக்கும் கழிப்பறையைத் திறந்துவிடுங்கள். பெயரும் ஊரும் கேட்டு, "வீட்டு நம்பரைச் சொல்லு" என்று மிரட்டுவது பாதுகாப்பு இல்லை. அந்த ஒரு போன் என்ன செய்யும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், ஊர் பார்க்க, சங்கரை வெட்டிக் கொன்றார்கள், கௌசல்யாவையும் வெட்டினார்கள். அவர்கள் மணம் முடித்தவர்கள். ஆக, கேள்வி கல்யாணம் ஆனதா என்பதல்ல, சாதி சம்மதித்ததா என்பதுதான். பூங்காக் காவலாளி, தெரிந்தோ தெரியாமலோ, அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்.

காசிருப்பவர்களுக்கு குளுகுளு காபிக் கடை இருக்கிறது. அங்கே கழுத்தைப் பார்ப்பதில்லை, பில்லைத்தான் பார்ப்பார்கள். ஹாஸ்டலில் இருப்பவளுக்கும், ஒற்றை அறையில் ஆறு பேரோடு வாழ்பவளுக்கும் பூங்காவும் கடற்கரையும்தான் கதி. அதையும் பிடுங்கிக்கொண்டு யாருடைய ஒழுக்கத்தைக் காப்பாற்றுகிறோம்?

தாலி கட்டிய தோழிகளே, கேட்டதும் எடுத்துக் காட்டாதீர்கள். "எதுக்குக் கேக்குறீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். அடுத்த பெஞ்சில் இருப்பவள் எழுந்து போகாமல் இருக்க, அன்று நான் கேட்டிருக்க வேண்டியது அது ஒன்றுதான்.