வேலியும் பயிரும்

உலகத்துச் சர்க்கார்கள் யாவும் சேர்ந்து 2024-ஆம் வருஷத்தில் ராணுவத்துக்காகச் செலவிட்ட தொகை 2,71,800 கோடி டாலர் என்று ஸ்டாக்ஹோம் சமாதான ஆராய்ச்சி ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. முந்திய வருஷத்தைவிட இது 100-க்கு 9.4 வீதம் அதிகம். அதே 2024-இல் பாகூ நகரில் கூடிய பருவநிலை மகாநாட்டிலோ, ஏழைத் தேசங்களுக்கு உதவியாக 2035-க்குள் வருஷத்துக்கு 30,000 கோடி டாலர் திரட்டித் தருவதில் முன்னிற்பதாகச் செல்வ தேசங்கள் இசைந்தன. இவ்வளவுக்கு இசையவும் குறித்த நாள் கடந்து வாதாட வேண்டியிருந்தது. ஆயுதத்துக்கு உடனே ஒன்பது பங்கு. பூமியைக் காக்கப் பதினோரு வருஷம் கழித்து ஒரு பங்கு. உலகத்தை ஆள்வோரின் விவேகம் இவ்வாறிருக்கிறது!

2025 பிப்ரவரியில் பிரிட்டிஷ் சர்க்கார் செய்ததை நேயர்கள் அறிவார்கள். ராணுவச் செலவை உயர்த்தும் பொருட்டு, அந்நிய தேசங்களின் தரித்திரத்தையும் நோயையும் போக்க அளித்துவந்த உதவியை, தேசிய வருமானத்தில் 100-க்கு 0.5 வீதத்திலிருந்து 2027-இல் 0.3 வீதமாகக் குறைக்கப் போவதாகப் பிரதம மந்திரி அறிவித்தார். பயிரை அறுத்து வேலி கட்டும் காரியம் இது. வேலி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் விளைந்ததையெல்லாம் வேலிக்கே இட்டுவிட்டால், அவ்வேலி எதனைக் காக்கப் போகிறது?

"இதெல்லாம் வேதாந்தம், உலகம் ஒப்பாது" என்பவர்களுக்கு மத்திய அமெரிக்காவிலுள்ள கோஸ்டாரிகா என்னும் சிறு தேசத்தைக் காட்ட விரும்புகிறோம். 1948-இல் உள்நாட்டு யுத்தத்தில் ரத்தம் சிந்திய தேசம் அது. அவ்யுத்தத்தில் வென்ற ஹோஸே பிகேரஸ் என்பவரே, அவ்வருஷம் டிசம்பர் 1-ந் தேதி, தலைநகரிலுள்ள ராணுவக் கோட்டையின் சுவரைச் சம்மட்டியால் அடித்து, இனி ராணுவம் இல்லை என்று பிரகடனம் செய்தார். கோட்டை தேசியப் பொருட்காட்சி சாலையாயிற்று. 1949-ஆம் வருஷத்து அரசியல் சாசனத்தின் 12-வது ஷரத்து, நிரந்தர ராணுவம் என்ற ஸ்தாபனத்தையே நீக்கிவிட்டது. மிச்சமான பொருள் பள்ளிகளுக்கும் வைத்தியத்துக்கும் பயன்பட்டது. அங்கே ஜனங்களின் சராசரி ஆயுள் இன்று ஏறக்குறைய 80 வயது. ஒரு காலத்தில் தறிகெட்டு அழிக்கப்பட்ட காடுகள், 1997 முதல் பெட்ரோல் வரியிலிருந்து நில உடைமையாளருக்குப் பணம் கொடுத்துக் காக்கப்படுகின்றன. இப்போது தேசத்தில் பாதிக்குமேல் வனம். மின்சாரமோ பெரும்பாலும் நீரும், காற்றும், பூமியின் உட்சூடும் தருவது.

பகைவன் வந்தால் என்ன செய்வது? 2010-இல் அதுவும் நேர்ந்தது. எல்லை நதியோரத்துச் சதுப்பு நிலத்தில் நிகராகுவாவின் படையினர் புகுந்தார்கள். கோஸ்டாரிகா ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்தை நாடிற்று. 2015-இல் அந்நிலம் கோஸ்டாரிகாவினுடையதே என்று தீர்ப்பாயிற்று. 2018-இல், மரமும் மண்ணும் கெட்டதற்காகக்கூட நஷ்ட ஈடு விதிக்கப்பட்டது. நிகராகுவா அதைச் செலுத்தியது. இயற்கைக்கு இழைத்த சேதத்துக்கு அந்நீதிமன்றம் ஈடு விதித்தது அதுவே முதல் தடவை.

அத்தேசத்தைச் சுவர்க்கமென்று நாம் வர்ணிக்கவில்லை. 2023-இல் அங்கே 900-க்கு மேற்பட்ட கொலைகள் நிகழ்ந்தன. போதைச் சரக்கு வியாபாரிகளின் தொல்லை பெரிது. அமெரிக்கக் கண்டத்துத் தேசங்களின் பரஸ்பர உடன்படிக்கையும் அதற்கு அரணாக நிற்கிறது. இரு பக்கமும் ஆயுதபாணிகளான அயலாரைக் கொண்ட இந்தியா, நாளையே படையைக் கலைத்துவிட வேண்டும் என்று சொல்வது பேதைமை. எல்லையில் நிற்கும் வீரனுக்கு நல்ல ஆயுதமும் உணவும் ஊதியமும் தருவது தேசத்தின் கடமை என்பதில் நமக்கு ஐயமில்லை.

நாம் கேட்பது கணக்கு. 1885-இல் பம்பாயில் கூடிய முதற் காங்கிரஸ், ராணுவச் செலவை ஏற்றுவது அநாவசியம் என்று தீர்மானித்தது. 1902-இல் கோகலே சட்டசபையில் அச்செலவைத் துணிந்து கண்டித்தார். அந்நிய ஆட்சியிடம் கேட்ட கேள்வியைச் சொந்த ஆட்சியிடம் கேட்பது எவ்வாறு தேசத் துரோகமாகும்? 2025-26-ஆம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்கு 6,81,210 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இலாகாக்களின் மானியக் கோரிக்கைகளில் பல, விவாதமின்றியே பார்லிமெண்டில் ஒரே மூச்சில் நிறைவேறிவிடும் வழக்கம் பல காலமாக இருந்து வருகிறது. பாதுகாப்பு மானியம் ஒரு வருஷமேனும் அவ்வாறு நழுவலாகாது. ராணுவ ரகசியங்களை யாரும் கேட்கவில்லை. எந்தச் செலவு வீரனைச் சேர்ந்தது, எது ஆயுத வியாபாரியைச் சேர்ந்தது என்று அறிய வரி கொடுப்போனுக்கு உரிமை உண்டு.

ஏரி தூர்ந்து, கிணறு வற்றி, கடல் கரையை அரித்துச் செல்லும்போது எந்தப் பீரங்கியும் அதைத் தடுக்காது. அந்தப் பகைக்கு எதிராகவும் ஒரு படை வேண்டும். அதற்கு ஒதுக்கும் பணமும் தேசப் பாதுகாப்புச் செலவே. இதை நம் ஜனப் பிரதிநிதிகள் உணர்ந்து கேட்பார்களாக.