'என்ன வேணுங்க'வுக்கு ஆங்கிலத்தில் என்ன?



சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டப் பெண் ஒருத்தி, படிவம் ஐந்து முடித்து, ஓர் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்றாம் நாள் மாலை கண் கலங்க என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், நான் திமிராப் பேசுறேனாம். இன்னொரு தடவை இப்படின்னா வேலைக்கு வரவேணாம்னு சொல்லிட்டாங்க."

"போனை எடுத்து என்னம்மா சொன்ன?"

"வாட் யூ வான்ட்னு கேட்டேன், டீச்சர்."

பாவம், அவள் மனத்தில் இருந்தது "என்ன வேணுங்க?" தமிழில் அது எவ்வளவு பணிவான பேச்சு! அந்த 'ங்க'வில்தான் மரியாதை முழுவதும் இருக்கிறது. ஆங்கில வினைச்சொல்லுக்கு அந்த வால் கிடையாது. வால் உதிர்ந்தால் மிஞ்சுவது அதட்டல்தான். "சொல்லுங்க", "இருங்க" என்பவையும் இப்படித்தான் 'டெல்', 'வெய்ட்' என்று போய் விழுகின்றன.

ஆங்கிலத்தில் மரியாதை வாக்கியத்தின் முன்னால் வரும். 'குட் யூ', 'மே ஐ' என்று தொடங்கி, கட்டளையைக் கேள்வியாக்கிவிடுவார்கள். மலாயில் 'தோலோங்' என்று முன்னால் போடுகிறோமே, அதுபோல. நம்மிடமும் இது உண்டு. "கொஞ்சம் தண்ணி கொடுங்க" என்றால் அந்தக் 'கொஞ்சம்' தண்ணீரின் அளவா? (வெள்ளைக்காரர் காதில் விழுந்தால் அரை கிளாஸ்தான் கிடைக்கும்!)

இன்னொரு சங்கடம் 'யூ'. பெரியவரை 'நீ' என்று சொல்லக் கூசும் பிள்ளை, மலாயில் 'சிக்கு' என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் பெரியவருக்கும் சிறியவருக்கும் 'யூ' ஒன்றுதான் என்றதும் வாயடைத்து, தலையைக் குனிந்துகொள்கிறது. வீட்டில் அது அடக்கம். தேர்வாளருக்கு அது பதில் தெரியாத பிள்ளை.

எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் 2021 தேர்விலிருந்து நான்கு தாள்களில் ஒன்று பேச்சு. அதில் இரண்டு மாணவர்கள் தங்களுக்குள் கலந்து பேசும் பகுதியும் உண்டு. நண்பன் சொல்வது பிடிக்காவிட்டால் "யூ ராங்!" என்று வெட்டுகிறார்கள். 'ஐ சீ யுவர் பாயின்ட், பட்' என்று தொடங்கினால் என்ன குறைந்துவிடும்?

அந்தப் பெண்ணை என் சமையலறையிலேயே உட்கார வைத்து, "குட் மார்னிங், ஹவ் மே ஐ ஹெல்ப் யூ?" என்று ஒரு வாரம் சொல்ல வைத்தேன். வேலை நிலைத்துவிட்டது. இப்போது வீட்டுப் போனையும் அப்படியே எடுக்கிறாளாம். அவள் பாட்டி எதிர்முனையில், "யாரும்மா நீ, என் பேத்தியைக் கூப்பிடு" என்கிறாராம்.